காயப்போடாத ரஜாய்

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. மறுபடி திருப்பினார், மறுபடி 'டிக்'. தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே, உப்பளத்தை ஒட்டிய லாரிப் பேட்டையில், அக்கினி நட்சத்திர வெயிலில், இத்தனை நாள் அசையாமல் கிடந்த வரிசை நகர ஆரம்பித்த நேரம் பார்த்து டிரைவர் சென்னியப்பனின் லாரி செத்துக் கிடந்தது. பின்னால் நின்ற லாரிகள் எல்லாம் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அலறின. கேட் கிளார்க் செல்வின் மைக்கில், "அண்ணாச்சி, சங்ககிரி வண்டி அண்ணாச்சி, எடுக்கியளா இல்லையா, கப்பல் உங்களுக்காவ நங்கூரத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்காது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தான்.

தப்பு சென்னியப்பன் மேல்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. என்ஜின் ஓடாத லாரியின் கேபின் ஒரு இட்லிக் கொப்பரை. சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கையில் மல்லாந்தால் முதுகு வேகும், குப்புறப் படுத்தால் வயிறு வேகும், எழுந்து உட்கார்ந்தால் கூரை மண்டையைச் சுடும். என்ஜினை ஓடவிட்டு ஏசி போடலாம்தான், ஆனால் லாரி ஓனர் பாவாயி அம்மா வண்டியில் ஒரு கருவியை மாட்டியிருந்தார். நிற்கிற வண்டியில் என்ஜின் ஓடினால் சங்ககிரியில் அவர் போனில் மணி அடிக்கும், அது அடித்த கையோடு இங்கே சென்னியப்பன் போனும் அடிக்கும். "ஏனப்பா சென்னி, நின்ன எடத்துல வண்டி டீசலக் குடிக்குதா, இல்ல நீ குடிக்கிறயா?" என்பார். என்ஜினே ஓடாமல் தனி பேட்டரியில் ஓடுகிற ஏசி புது லாரிகளில் வருகிறதே, நம்ம வண்டிக்கும் ஒன்று மாட்டுங்கம்மா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "லாரிக்குள்ள அத்தன சொகத்தக் காட்டுனா அப்பறம் நீ ஊட்டுக்கே போகமாட்டியேப்பா, உம்பொண்டாட்டிக்கு ஆரு பதில் சொல்றது?" என்று சிரித்துவிட்டு பாவாயி அம்மா போனை வைத்துவிட்டார். அதனால் சின்ன ஃபேன் ஒன்றை லாரி பேட்டரியிலேயே கோத்து ஓட்டினார். அது பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சியது. அப்படியும் தூக்கம் வந்ததா என்றால், வரவில்லை.

தூக்கம்தான் விஷயம். மற்றதெல்லாம் அப்புறம். மதுரையிலிருந்து இந்த மாவு லோடை ஏற்றிக்கொண்டு வரும்போது, கோவில்பட்டி தாண்டி, அவருக்கு ஒரு நொடி கண் சொருகிவிட்டது. முழித்துப் பார்த்தால் லாரி ரோட்டை விட்டு இறங்கி ஒரு தரிசுக் காட்டில் நின்றது; முன்கண்ணாடிக்கு ஒரு முழத்துக்கு முன்னால் ஓர் ஆட்டுக்காரர் குட்டி ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஓடவும் தோன்றாமல், திட்டவும் தோன்றாமல் அப்படியே நின்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டால் சென்னியப்பனுக்கு அந்த ஆட்டுக்குட்டியின் கண் தெரிந்தது. நன்றாகத் தூங்கி எழாமல் இனிமேல் ரோட்டில் வண்டி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். தூங்காவிட்டால் ஓட்டமாட்டார், ஓட்டாவிட்டால் பாவாயி அம்மா வேறு டிரைவரை அனுப்பிவிடுவார். இந்த லாரியோ, சீட்டு மேல் போட்ட பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் புதுசாக அவர் ஓட்டி வந்தது. இன்னொருத்தன் அதில் கியர் போடுவதை நினைத்தாலே அவர் கை தானாகப் போய் கியர் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

பேட்டையில் ஒரு சட்டம் உண்டு. கூப்பிட்டபோது நகராத வண்டி வரிசையின் வாலுக்குப் போகவேண்டும், எவனாக இருந்தாலும். பின்வண்டி டிரைவர் மூக்கையா, உசிலம்பட்டிக்காரர், நல்ல மனுஷன், ஆனால் யோசித்துச் செய்கிற பழக்கம் கிடையாது. இறங்கி வந்து முழு லோடு லாரியைத் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார், லாரி அசையவில்லை, அதற்குள் செல்வின் அவர் வண்டியையும் கூப்பிட்டு முடித்துவிட்டான். இரண்டு பேர் முறையும் வாலுக்குப் போனது. கப்பல் வயிறு நிறைந்து கிளம்பிப் போனது. இனி அடுத்த கப்பல் வைகாசி கடைசியில்.

"நாசமாப் போனவனே, உன்னால நானும் வாலாகிட்டேன்," என்றார் மூக்கையா. "சரி, அந்தப் பேட்டரி கேபிளக் கொண்டா, எங்கிட்ட இருந்து கொஞ்சம் கரண்ட்டு தாரேன்."

கேபிள் படுக்கைக்குக் கீழே இருக்கிற பெட்டியில் கிடந்தது. சென்னியப்பன் பெட்டியைத் திறந்து கயிற்றை எடுத்துப் போட்டார், தார்ப்பாய்த் துண்டை எடுத்துப் போட்டார், ஸ்டவ்வை எடுத்து வைத்தார், அடியில் கையை விட்டார், விட்ட வேகத்தில் வெளியே இழுத்தார். விரல் நுனி வெளுத்திருந்தது.

அடியில் ரஜாய் இருந்தது. வடநாட்டு ரஜாய், பஞ்சு அடைத்த கனத்த போர்வை. பங்குனியில் ஜவ்வரிசி லோடை லடாக்கில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கணவாயில் மண் சரிந்து ரோடு மூடிவிட்டது. கொட்டுகிற பனியில் ஒரு வாரத்துக்கு மேல் லாரிக்குள் கிடந்தார். இடது காலில் சுண்டு விரலை அந்த மலைதான் வாங்கிக்கொண்டது. மீதி ஒன்பது விரலைக் காப்பாற்றிக் கொடுத்தது ஒரு டாபாக்காரர் தூக்கிப் போட்ட இந்த ரஜாய். வடக்கே போகிற லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. மலையிலிருந்து இறங்குவதற்கு முன்னால் படுக்கையையும் போர்வையையும் லோடு மேல் விரித்து, நல்ல வெயிலில் காயவைத்து, தடியால் தட்டி, அப்புறம்தான் மடிப்பார்கள். அன்றைக்கு ரோடு திடீரென்று திறந்தது, எல்லாரும் ஹாரன் அடித்தார்கள், சென்னியப்பன் ரஜாயைப் பனியோடு சுருட்டிப் பெட்டியில் திணித்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஆப்பிள் லோடு, அதற்கப்புறம் மாவு லோடு, ரஜாய் அடியில் போய்விட்டது.

இப்போது இழுத்துப் படுக்கையில் போட்டார். மடிப்பு ஒன்று பிரிந்தது. முன்கண்ணாடி உள்பக்கம் பனி பூத்துப் போனது. மூக்கையா வாயைத் திறந்தார், வாயிலிருந்து புகை வந்தது.

"ஈரத்தோட மடிச்சுப்புட்டனுங்க," என்றார் சென்னியப்பன், தப்பு செய்தவன் குரலில். "குளுரு உள்ளயே தங்கிருச்சு."

"காயப்போடாம மடிச்சா அப்படித்தேன். எம் மச்சினன் ஊட்டியில நனைஞ்ச பனியன அப்படியே கொண்டாந்து பீரோவுல வச்சான். தீவாளி வரைக்கும் பீரோவத் தெறந்தா மூடுபனி. சேலையெல்லாம் தேயில வாசம்."

ஏன், எப்படி என்று கேட்கிறவர்கள் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். சென்னியப்பன் கேட்கவில்லை. ரஜாய்க்குப் பக்கத்தில் இடம் செய்துகொண்டு படுத்தார், முழங்காலை மடக்கினார், தூங்கிப் போனார். அப்படி ஒரு தூக்கம். மறுநாள் மத்தியானம் டீக்கடை லூர்தம்மாள் கிளாஸைத் திரும்ப வாங்க வந்து கதவைத் தட்டியபோதுதான் முழித்தார். முழித்ததும் அவருக்கு முதலில் வந்த யோசனை, அந்த ஆட்டுக்குட்டி இந்நேரம் நன்றாக வளர்ந்து புல் மேய்ந்துகொண்டிருக்கும் என்பது.

லூர்தம்மாள் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். கொஞ்ச நேரம் தலையை வெளியே எடுக்கவே இல்லை.

"அண்ணாச்சி," என்றாள் உள்ளேயிருந்தே, "இத இத்தன நாளா பெட்டிக்குள்ள வச்சிக்கிட்டா எங்கிட்ட மோருக்கு மோரு வாங்கிக் குடிச்சீய?"

அவ்வளவுதான், பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலில் மூக்கையா படுத்தார், அப்புறம் மூக்கையாவுக்குத் தெரிந்தவர்கள் படுத்தார்கள், அப்புறம் மூக்கையாவைத் தெரியும் என்று பொய் சொன்னவர்கள் படுத்தார்கள். ஒரே கேபினில் எத்தனை பேர் படுப்பது என்று சண்டை வந்தது, சண்டையைத் தீர்க்க செல்வின் டோக்கன் போட்டான், தூக்கத்துக்கு டோக்கன் போட்ட ஒரே துறைமுகக் கிளார்க் அவன்தான். டோக்கனும் போதாமல் போகவே கதவுகளைத் திறந்து வைத்து மற்ற லாரிகளை முகம் உள்ளே பார்க்க வட்டமாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், அவற்றின் கதவுகளையும் திறந்து வைத்தார்கள், குளிர் ஒரு கேபினிலிருந்து இன்னொரு கேபினுக்குப் படி இறங்கிப் படி ஏறிப் போனது. ரஜாயின் குளிர் குறையவே இல்லை. சுவெட்டர் விற்கிற நேபாளக்காரர் ஒருவர் சித்திரை மாதத்தில் சைக்கிளில் வந்து மூட்டையைப் பிரித்தார், குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு டிரைவர்கள் உப்பளத்து வெயிலைப் பார்த்து உட்கார்ந்து சூடாக டீ குடித்தார்கள், லூர்தம்மாள் மோர்ப் பானையை மூடி வைத்துவிட்டு சுக்குக் காப்பி போட ஆரம்பித்தாள். மீன்காரப் பெண்கள் கூடையை வட்டத்துக்கு நடுவில் கொஞ்ச நேரம் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள், கல்யாணத்துக்கு வாங்கிய மல்லிகைப்பூ மூன்று நாள் வாடாமல் இருந்தது, பரீட்சைக்குப் படிக்கிற பெண் பிள்ளைகள் புத்தகத்தோடு டயர் மேல் வந்து உட்கார்ந்தார்கள், சர்ச் பாதர் வந்து தண்ணீர் தெளித்தார், அது தரையில் விழும் முன்னால் பஞ்சுப் பஞ்சாக மாறி விழுந்தது, "நல்லது" என்று சொல்லிவிட்டு அவரும் ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டார். துறைமுகத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, "யார் அனுமதியில் இதெல்லாம் நடக்குது?" என்று கேட்டார். அவரை யாரும் எதிர்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பாருங்க சார் என்றார்கள். சாயங்காலம் அவர் டிரைவர் வந்து எழுப்பித்தான் அழைத்துப் போனான்.

தூங்கினார்கள். அதுதான் முக்கியம். வருஷக்கணக்கில் தூங்காத ஆட்கள். தூங்கி எழுந்தவர்கள் பெண்டாட்டிக்குப் போன் போட்டுத் திட்டாமல் பேசினார்கள், அந்தப் பக்கம் அவள், "யாருங்க பேசறது?" என்று கேட்டாள்.

ஒரு நாள் காலையில் ரஜாயின் ஒரு மூலை ஜன்னல் வழியாக வெளியே தொங்கி, மத்தியானம் வரைக்கும் வெயிலில் கிடந்தது. உள்ளே இழுத்த மூக்கையா, "ஆத்தாடி!" என்று கையை உதறினார். அந்த மூலை மட்டும் தோசைக்கல்லாகக் கொதித்தது. அப்புறம் அது ஆறவே இல்லை. ஆக, குளிரில் கிடந்து குளிரைக் குடித்த பஞ்சு, வெயிலில் போட்டால் வெயிலைக் குடிக்கும். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. லூர்தம்மாள் பால் சட்டியை அந்த மூலையில் வைத்துக்கொண்டாள். சென்னியப்பன் குளிரில் தலையையும் சூட்டில் காலையும் வைத்துப் படுத்தார், இல்லாத சுண்டு விரல் கூட இதமாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து ரஜாயை வெயில் படாமல் பார்த்துக்கொள்ள எப்போதும் ஒரு ஆள் காவல் இருந்தது.

பாவாயி அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது பல் மூலமாக. போனில் பேசும்போது சென்னியப்பனின் பல் அடித்துக்கொண்டது.

"ஏனப்பா, பட்டாணி மெல்றயா?"

"இல்லீங்கம்மா, குளுருதுங்க."

"தூத்துக்குடியிலயா?"

"மலையில குடுத்த ரஜாயக் காயப்போடாம மடிச்சுப்போட்டனுங்க."

"கருமம். மொதல்ல அதக் காயப்போடு. பஞ்சு அழுகிப்போகும்."

"சரிங்கம்மா," என்றார். போடவில்லை. அடுத்த நாளும் கேட்டார், அடுத்த நாளும் சரிங்கம்மா. மூலை சூடான கதையையும் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பாவாயி அம்மா அதட்டவில்லை, குரல் இறங்கிப் பேசினார்.

"சென்னி, நாஞ்சொல்றதக் கேளு சாமி. கப்பல்ல மாவ எறக்குன கையோட அங்கயே உப்பு லோடு ஏத்தற, நேரா லடாக்கு. அந்தக் கணவாயில ஆனி மாசத்துலயும் பனி கொட்டும்னு நீதான சொன்ன? ரஜாய் முழுசையும் வெயில்ல போட்டு எடுத்துக்க. தூத்துக்குடி வெயிலு பூரா ஏறட்டும். என்ஜின் இல்லாமயே மலையில உனக்குக் கதகதன்னு இருக்கும். ஒரு விரல் போனது பத்தாதா? உங்காலுக்கும் சேத்து நான் கருவி மாட்ட முடியாது."

இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. பாவாயி அம்மா சொன்னது சரி. அதுதான் கஷ்டம், ரஜாயின் குளிர் போனால் பேட்டையின் தூக்கமும் போய்விடும்.

வைகாசி கடைசியில் கப்பல் வந்தது. வரிசை நகர்ந்தது, மூக்கையா வண்டியிலிருந்து கேபிளைக் கோத்துச் சாவியைத் திருப்பினார், லாரி உறுமியது, மாவு இறங்கியது, உப்பு ஏறியது. கிளம்புகிற நாள் காலையில் சென்னியப்பன் பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தால், மூக்கையா இரண்டு லாரிகளுக்கு நடுவில் நல்ல வெயிலாகப் பார்த்துக் கொடி கட்டிக்கொண்டிருந்தார். லூர்தம்மாள் ரஜாயைத் தட்டுவதற்குத் தடி கொண்டுவந்திருந்தாள். செல்வின் மைக்கை வைத்துவிட்டுச் சும்மா நின்றான். எல்லாரும் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருத்தன் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட சென்னியப்பன் வீம்புக்குக் காயப்போட்டிருப்பார்.

ரஜாயைத் தோளில் போட்டுக்கொண்டு கொடி வரைக்கும் போனார். அப்போது கேட்டுக்குள் ஒரு லாரி நுழைந்தது. ஒடிசாவிலிருந்தோ எங்கிருந்தோ வருகிற வண்டி. ஓட்டி வந்தவனின் கண் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. நிறுத்துகிற இடத்தில் நிறுத்தாமல் லூர்தம்மாளின் பெஞ்சை இடித்து, பாய்லருக்கு ஒரு முழத்துக்கு முன்னால் வந்து நின்றான், இறங்கவும் தோன்றாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். சென்னியப்பன் அந்த ஒரு முழத்தைப் பார்த்தார். அவருக்கு அது நன்றாகத் தெரிந்த முழம்.

திரும்பி வந்து, அந்தப் பையனை இறக்கி, வட்டத்துக்குள் மூக்கையாவின் கேபினில் ஏற்றி, ரஜாயை அவன் பக்கத்தில் போட்டு, இது இங்கேயே இருக்கட்டும் என்றார். அவன் எந்தப் பாஷைக்காரன் என்று கேட்பதற்குள் தூங்கிவிட்டான்.

"அண்ணாச்சி, கிறுக்குப் புடிச்சிருக்கா?" என்றாள் லூர்தம்மாள். "மலையில உங்க காலுக்கு யாரு பதில் சொல்லுவா?"

"பாத்துக்கலாமுங்க்கா."

"என்னத்தப் பாப்பீய? மிச்சம் ஒம்பதையும் எண்ணிப் பாப்பீயளோ?"

அவள் ஆத்திரத்தில் அவர் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தாள், இழுத்தவள், "மாதாவே!" என்று கீழே போட்டாள். துண்டு கொதித்தது. யோசித்தால் இதிலும் ஆச்சரியமில்லை. ரஜாய் வருவதற்கு முன்னால் எத்தனை கோடை அந்தத் துண்டை முதுகுக்குக் கீழே விரித்துப் படுத்து வெந்திருப்பார். லூர்தம்மாள் மூக்கையாவின் துண்டைத் தொட்டாள், அதுவும் கொதித்தது. ஒவ்வொரு டிரைவரின் துண்டும் கொதித்தது. நின்ற லாரியில் கிடந்த வெயில் எல்லாம் எங்கே போயிருக்கும், அங்கேதான் இருந்தது, வேர்வை நாற்றத்தில் யாரும் கவனிக்கவில்லை.

"எடுங்கல எல்லாத்தையும்," என்றாள்.

பேட்டையே துண்டைக் கழற்றிக் கொடுத்தது, பாதருடைய கர்ச்சீப் உட்பட. கையில் கோணியைச் சுற்றிக்கொண்டு, சாக்கு தைக்கிற ஊசியில் சாக்குச் சணலைக் கோத்து லூர்தம்மாளும் மீன்காரப் பெண்களும் அத்தனை துண்டையும் அடுக்கடுக்காகத் தைத்தார்கள். சிவப்பு, பச்சை, நீலக் கட்டம், கட்சிக்கரை போட்டது, எந்தக் கட்சி என்று அடையாளம் தெரியாமல் வெளுத்துப் போனது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு போர்வை ஆனது. பக்கத்தில் நின்றால் முகம் சிவந்தது. உப்பும் வேர்வையும் கருவாடுமாக அப்படி ஒரு வாசம்.

"இத கிப்ட்டுன்னு நெனச்சிராதீய," என்றாள் லூர்தம்மாள், பெட்டிக்குள் இடுக்கியால் தள்ளிவிட்டுக்கொண்டே. "எங்க துண்டு எங்களுக்கு வேணும். மலைய விட்டு எறங்கும்போது நல்ல வெயில்ல காயப்போட்டு, தட்டி, பதமா மடிச்சு எடுத்துட்டு வாங்க. போன தடவ மாதிரி ஈரத்தோட சுருட்டிராதீய, சொல்லிட்டேன்."

"சரிங்க்கா," என்றார் சென்னியப்பன்.

லடாக்கில் உப்பை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கணவாயில் எதிர்பார்த்த மாதிரியே மண் சரிந்தது, பனி கொட்டியது, ரோடு மூடியது. சென்னியப்பன் என்ஜினை நிறுத்திவிட்டுப் போர்வையைப் பிரித்தார். சங்ககிரியில் மணி அடிக்கவில்லை. கேபின் கதகதவென்று ஆனது, கூரைப் பனி உருகி ஓடியது, லாரியைச் சுற்றி ஒரு வட்டத்துக்குப் புல் தெரிந்தது. முன்னால் நின்ற பஞ்சாப்காரர், பின்னால் நின்ற பீகார்காரர், ரஜாய் கொடுத்த அதே டாபாக்காரர், எல்லாரும் வந்து ஏறி, கம்பளிக் கோட்டைக் கழற்றிவிட்டு, மூக்கையாவின் துண்டு மேல் காலை நீட்டிக்கொண்டு படுத்துத் தூங்கினார்கள். தூங்கி எழுந்த பஞ்சாப்காரர், தான் ஒரு நாளும் பார்த்திராத கடலைக் கனவில் பார்த்ததாகவும், அது தன்னை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டதாகவும் சொன்னார். சென்னியப்பனின் ஒன்பது விரலும் ஒன்பதாகவே இருந்தன.

ஒரு நாள் காலையில் ரோடு திறந்தது. வெயில் பளீரென்று அடித்தது. எல்லாரும் லோடு மேல் ஏறிப் படுக்கையை விரித்தார்கள், டாபாக்காரர் இவருக்கும் சேர்த்துக் கொடி கட்டிக் கொடுத்தார், கையில் தடியும் கொடுத்தார். போன் அடித்தது. பாவாயி அம்மா.

"சென்னி, எறங்கறயா? போர்வையக் காயப்போட்டயா?"

"சரிங்கம்மா," என்றார்.

அவசரம் ஒன்றுமில்லை, யாரும் ஹாரன் அடிக்கவில்லை. சென்னியப்பன் போர்வையைத் தூக்கிக்கொண்டு கொடியைத் தாண்டி நடந்தார். நிழல் விழுந்த பக்கம், பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. இறங்குகிற வழியில் எத்தனை பேட்டை இருக்கிறது, நாக்பூரில் ஒன்று, ஹைதராபாத்தில் ஒன்று, சென்னை துறைமுகத்துக்கு வெளியே ஒன்று, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் முதுகு வெந்து புரண்டுகொண்டிருப்பார்கள். போர்வையைப் பனி மேல் விரித்தார். இரண்டு பக்கமும் புரட்டினார். அந்தப் பக்கத்துப் பனியை எல்லாம் கையால் வாரி வாரி மேலே போட்டு, துண்டு துண்டாக அழுத்திவிட்டார். நன்றாக ஊறியதும், ஒரு சொட்டுகூட உதறாமல், இறுக்கிச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

நல்ல வெயில்தான். கொடியும் கட்டியிருந்தது. காயப்போடவில்லை.